காசுப்பெட்டியின் சாவி

லிஃப்ட் நின்ற அன்று
காசுப்பெட்டியில் எண்ணூற்று நாற்பது தெத்ரி.
எண்ணியவள் நான். சாவி என்னிடம்தான் இருக்கிறது.
திபிலிசியின் வடக்கு ஓரம், ஒன்பது மாடி,
ஏறுவதற்கு இருபது தெத்ரி நாணயம்,
இறங்குவது இலவசம்.
பெயர் நாத்தெலா. குடியிருப்பது ஏழாம் மாடி.

மெக்கானிக் வந்தான், அண்ணாந்து பார்த்தான்,
ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னான்,
வர ஆறு வாரம் ஆகும் என்றான்.
ஆறு ஒன்பதானது வேறு கதை.

முதல் வாரம் முழுக்க வசவுதான்.
எட்டாம் மாடி தோர்னிகே
ஆறு பாட்டில் தண்ணீர்க் கட்டை
மூன்றாம் மாடிவரை தூக்கினான்.
அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.
இரண்டு நாள் அது அநாதையாய்க் கிடந்தது.
மூன்றாம் நாள் அவன் மேசையில்
கண்ணாடிக் குடுவை, குழாய்த் தண்ணீர்.
மலையிலிருந்து வருகிற தண்ணீர்தானே என்றான்,
மலையையே அன்றுதான் கண்டுபிடித்தவன்போல.

யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை.
சுவரில் வாசகம் ஒட்டவில்லை.
எடை, அவ்வளவுதான்.
கடையில் கை நீளும்போதெல்லாம்
முழங்கால் குறுக்கே பேசியது:
இது வேண்டுமா?
நூற்றெட்டுப் படி.

வேண்டாம் என்று திரும்ப வைத்தவை:
சோடா, இரண்டாவது சோப்புத்தூள்,
பிளாஸ்டிக் தட்டில் மூச்சடைத்துக் கிடந்த வெள்ளரி.
வெள்ளரியைச் சந்தையில் வாங்கினேன்,
துணிப்பையில், நான்கே நான்கு,
மண்ணோடு.

குப்பை இறங்கும்போதும் கனத்தது.
உஷாங்கி தன் மீன் தராசில் பையைத் தொங்கவிட்டார்:
நாலரைக் கிலோ.
மூன்று கிலோ தர்ப்பூசணித் தோல்!
நான் என்ன, கழுதையா
தோலுக்குப் பல்லக்குத் தூக்க, என்று
முற்றத்துத் திராட்சைக்கொடி அடியில் குழி தோண்டினார்.
நாறியது. இரண்டாம் வாசல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.
காய்ந்த இலையை மேலே கொட்டினார்,
நாற்றம் அடங்கியது. சண்டை அடங்கவில்லை.
கொடி மட்டும் கம்பியைப் பற்றி
ஆறாம் மாடிக் கம்பிவேலியை எட்டிப் பார்த்தது.

ஒன்பதாம் மாடி லம்சிராவுக்கு
இரண்டு முழங்காலும் தேய்ந்தவை.
இதில் அவருக்கு ஆரோக்கியம் ஒன்றுமில்லை.
கயிற்றில் கூடை இறக்கினார்,
சூடான ரொட்டி ஏறியது, தார்கன் கீரை ஏறியது,
ஒருமுறை யாரோ வைத்த பூனைக்குட்டியும் ஏறியது,
அதைத் திட்டோடு திருப்பி இறக்கினார்.

ஐந்தாம் மாடித் திருப்பத்தில்
யாரோ ஒரு நாற்காலி போட்டார்கள். யாரென்று இன்னும் தெரியாது.
பதினேழு வருடமாய் முதுகை மட்டும் பார்த்த ஒருத்தியின்
பெயர் சியூரி என்று அங்கேதான் தெரிந்தது.
என் ரத்த அழுத்தம் குறைந்ததா என்று கேட்காதீர்கள்.
அளக்கும் கருவி நாலாம் மாடிக்கு இரவல் போயிருக்கிறது.

லிஃப்ட் திரும்பிய காலை
லம்சிரா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு இறங்கினார்.
ஏறும்போது அவர் நாணயத்தை நான் போட்டேன்.

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தேன்.
முன்பு எட்டாயிரம் தெத்ரிக்குக் குறைந்ததில்லை.
இப்போது மூவாயிரம்கூட இல்லை.
மெக்கானிக் கூலியே ஐயாயிரம்.
முற்றத்தில் கூட்டம் போட்டு, வெட்கத்தை விட்டு,
ஏறுங்கள் ஐயா, லிஃப்டில் ஏறுங்கள் என்று
நானே கெஞ்சினேன்.
நடப்பவரும் காசு போட வேண்டும், லம்சிராவுக்காக,
என்றார் உஷாங்கி.
காலுக்குமா வாடகை, என்றது ஒரு குரல்.
இரண்டு மணி நேரம் கத்தினோம். முடிவில்லை.
கொசுதான் கூட்டத்தைக் கலைத்தது.

இன்று மாலை
வாசலில் நின்று பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
தோர்னிகே வந்தான், வெறும் கையோடு.
பெட்டியில் ஒரு நாணயம் போட்டான்,
என்னைப் பார்க்காமல் படியேறினான்.
எண்ணினேன்.
ஐந்தாம் மாடியில் காலடி நின்றது.
நாற்காலி கிறீச்சிட்டது.